துறைமுகத்துப் பக்கம் ஒரு ஹோட்டல்

அம்மா சனிக்கிழமை காலை கப்பலில் வருகிறாள். ஓசகாவில் இரண்டு நாள் தங்குவாள். எங்கே தங்க வைப்பது?

ஷியோரிக்கு இது சின்னக் கேள்வி இல்லை. ஷோவாச்சோவில் இருக்கும் அவளுடைய தீப்பெட்டி வீட்டில் எட்டு மாதமாக ரியோஹெய் என்று ஒருவன் குடியிருக்கிறான். அப்படி ஒருவன் உலகத்தில் இருப்பதே அம்மாவுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது.

மதிய இடைவேளையில் ஒரு கையில் சோற்று உருண்டை, மறு கையில் ஹோட்டல் தேடும் கைபேசி. நம்பா? கடைத்தெரு, கூட்டம், அம்மாவுக்கு உயிர். ஆனால் அங்கே சிவப்பு ரயிலில் ஏறினால் நாலாவது நிறுத்தம் ஷியோரி வீடு. உமேதா? அதே சிவப்புத் தடம். ஷின் ஓசகா? அதுவும்தான். தூங்கிக்கொண்டே வந்து இறங்கிவிடலாம். கடைசியில் நான்கோ துறைமுகத்துப் பக்கம் ஒன்று அகப்பட்டது. வீட்டுக்கு வர இரண்டு இடத்தில் ரயில் மாற வேண்டும். ஷியோரி உடனே பதிவு செய்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டாள்.

"சன்னலத் திறந்தா கடல்மா!"

"கடலப் பாக்கவாடி நான் ஓசகா வரேன்? இங்க வீட்டுக்குப் பின்னாடியே கெடக்கு."

"அந்தக் கடல் வேற, இது வேறம்மா."

"ரெண்டும் ஒரே தண்ணிதாண்டி. சரி, ஆரஞ்சு பத்து கிலோ அனுப்பிருக்கேன். நாளைக்கு வரும்."

அம்மாவின் பெட்டி எப்போதும் இரவு ஏழு மணிக்கு மேல்தான் வரும், ஷியோரி வேலையிலிருந்து திரும்பிய பிறகு. அதனால் அவள் கவலைப்படவில்லை.

மறுநாள் மாலை கதவைத் திறந்தால், வீடெல்லாம் ஆரஞ்சு வாசனை. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ரியோஹெய் பெட்டி பக்கத்தில் சப்பணமிட்டு உரித்துக்கொண்டிருந்தான்.

"காலையிலயே வந்துடுச்சு. உங்க அம்மாவுக்குப் போன் பண்ணி நன்றி சொல்லிட்டேன்."

"என்னது!"

"பத்து கிலோ, ஷியோரி! வாங்கி வச்சுட்டு சும்மா இருக்க முடியுமா? பெட்டி மேல ஒட்டின சீட்டுல நம்பர் இருந்துச்சு."

"நீ இருக்கறதே அவங்களுக்குத் தெரியாதுடா, லூசு!"

"எனக்கும் தெரியும். அதுக்காக மரியாதை இல்லாம நடந்துக்க முடியுமா?"

கைபேசி அடித்தது. அம்மா.

"ஏண்டி, ஏழு வருஷமா பெட்டி அனுப்பறேன். வந்துச்சுன்னு ஒரு தடவை கூப்பிட்டிருக்கியா? இன்னிக்குப் பெட்டி வந்த பத்தாவது நிமிஷம் போன் வருது. புள்ளைய நல்லா வளத்திருக்காங்க."

"அம்மா, அது வந்து... பக்கத்து வீட்டுல..."

"போன மாசம் நீ பேசறப்ப பின்னாடி ஒருத்தன் தும்மினான். டிவின்னு சொன்ன. டிவிக்கு ஜலதோஷமான்னு யோசிச்சேன். அதான் இந்தத் தடவை காலையில கொண்டுபோய்க் குடுங்கன்னு எழுதி அனுப்பினேன்."

ஷியோரி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அந்தக் கடல் ஹோட்டல ரத்து பண்ணிடு. தென்னோஜியில ரூம் போட்டாச்சு. உன் வீட்டுக்கு ஒரே நிறுத்தமாமே? சொல்லவே இல்லையே நீ!"

"தென்னோஜியா? உனக்கு யாரும்மா சொன்னா?"

அம்மா சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். ஷியோரி மெதுவாகத் திரும்பினாள்.

ரியோஹெய் ஒரு சுளையை அவள் பக்கம் நீட்டினான்.

"காலைச் சாப்பாடும் சேத்துதான் போட்டிருக்கேன்," என்றான். "மீன் நல்லா இருக்குமாம்."