ஜெயில்பறம்பில் பார்த்த வரன்

இடம் சொன்னது சுபாஷிணிதான். செர்ளாயில் அவர்கள் வீட்டில் அந்த வாரம் நிற்கக்கூட இடமில்லை. அண்ணன் குடும்பம் சென்னையிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்தது. கூடம் முழுக்கப் பெட்டியும் பாயும். நாற்பத்தோரு வயதில், ஒரு கல்யாணம் முறிந்து ஏழு வருஷம் ஆன பிறகு, அண்ணன் பிள்ளைகள் கதவிடுக்கில் எட்டிப் பார்க்க, வரன் என்று வந்தவர் முன்னால் காபித் தம்ளரோடு போய் நிற்க அவளுக்கு மனமில்லை. மட்டாஞ்சேரியில் சுற்றுலாக் கூட்டம் இல்லாமல், உட்கார்ந்து பேசும்படி ஓர் இடம் வேண்டும் என்று யோசித்தபோது, படகுத்துறைக்குப் போகிற வழியில் தினமும் கண்ணில் படும் அந்தப் புதுப் பூங்கா ஞாபகம் வந்தது. மதிலுக்கு மேல் பெரிய பெரிய தூங்குமூஞ்சி மரங்கள் தெரியும். உள்ளே அவள் போனதில்லை.

செய்தியை அனுப்பிவிட்டுத்தான் அம்மாவிடம் சொன்னாள்.

நீலாம்பாள் தேங்காய் துருவுவதை நிறுத்தினாள். "எந்தப் பார்க்? ஜெயில்பறம்பா?"

அப்போதுதான் சுபாஷிணிக்கு உறைத்தது. பூங்காவுக்குப் பலகையில் நீளமாக ஒரு பெயர் இருந்தாலும் ஆட்டோக்காரர்கள் உட்பட எல்லோருக்கும் அது ஜெயில்பறம்புதான், ஜெயில் இருந்த நிலம். இரண்டாம் உலக யுத்தத்தில் வெள்ளைக்காரர்கள் பிடித்து வந்த இத்தாலிய மாலுமிகளை அங்கிருந்த மிளகுக் கிடங்கில் அடைத்து வைத்திருந்தார்களாம். செத்தவர்களுக்காகக் கல் நட்டு, சுற்றிலும் புல் வளர்த்து, அதைத்தான் இப்போது பூங்கா ஆக்கியிருந்தார்கள்.

வரப்போகிற ஹரிஷங்கரோ கப்பல் என்ஜினியராக இருந்தவன். நாலு வருஷத்துக்கு முன்னால் அவனுடைய எண்ணெய்க் கப்பலை ஆப்பிரிக்காவின் மேற்குக் கரையில் ஒரு நாடு பிடித்துக்கொண்டு, திருட்டு எண்ணெய் ஏற்றியதாக வழக்குப் போட்டு, மாலுமிகளை ஒன்பது மாதம் ஒரு முகாமில் பூட்டி வைத்திருந்தது. கடைசியில் குற்றம் இல்லை என்று விட்டார்கள். நெடும்பாசேரி விமான நிலையத்தில் அவர்கள் வந்திறங்கிய படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது.

"அதைப் பத்தி மட்டும் கேக்க வேண்டாம்னு அவன் மன்னி ரெண்டு தடவை போன் பண்ணிச் சொன்னா," என்றாள் நீலாம்பாள். "நீ என்னடான்னா அவனை ஜெயிலுக்கே கூட்டிண்டு போறே."

மாற்றிவிடலாம் என்று சுபாஷிணி போனை எடுத்தாள். அதற்குள் பதில் வந்திருந்தது. 'சரி, வரேன்.' இனி மாற்றினால் ஏன் மாற்றினாள் என்பது அவனுக்குப் புரிந்துவிடும். அப்படியே விட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் படகுத்துறைக்குப் போனபோது அவன் ஏற்கெனவே வந்து நின்றிருந்தான். திருப்பூணித்துறையிலிருந்து மெட்ரோவில் ஏறி, பிறகு படகு பிடித்து வந்திருந்தான். ஒல்லி, முன்நெற்றி ஏறியிருந்தது. இஸ்திரி போட்ட சட்டை, கையில் குடை. இரண்டு பேரும் நடந்தார்கள். பூங்கா வாசல் வந்ததும் அவள் சொன்னாள்: "மன்னிக்கணும். இந்த எடத்தைச் சொன்னப்போ நான் யோசிக்கலை."

"எதை?" என்று கேட்டவன், அவள் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான். "ஓ, அதுவா. எல்லாரும் எனக்காக யோசிச்சு யோசிச்சு நேக்கு ஷீணமாயிடுத்து, அலுத்தே போயாச்சு. நீங்க யோசிக்கலைங்கறது ஒரு ஆசுவாசம்."

உள்ளே போனதும் பாதை இரண்டாகப் பிரிந்தது. அவன் நின்றான். "எந்தப் பக்கம்?" என்றான். அவள் இடது பக்கம் போனாள், அவனும் வந்தான். நிழலில் நாலைந்து பெஞ்சுகள் காலியாக இருந்தன. "எங்கே உக்காரலாம்?" என்று அவளையே கேட்டான். முதல் தடவை பார்க்கிறபோது வருகிற மரியாதை என்று அவள் நினைத்துக்கொண்டாள். உட்கார்ந்து, காக்கநாட்டில் அவள் பார்க்கும் ஆபீஸ் வேலையைப் பற்றியும், படகில் கூட்டம் அதிகமாகிவிட்டதைப் பற்றியும் கொஞ்சம் பேசினார்கள்.

அப்போது ஓர் அம்மாள் அவர்களிடம் வந்தாள். காதில் பெரிய தோடு, கையில் ஒரு கட்டைப்பை. பின்னால் அவள் புருஷன், வாட்டசாட்டமான ஆள், வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்.

"நீங்க தமிழ்ல பேசுனது காதுல விழுந்துச்சு," என்றாள். "இந்தப் போர்டுல என்னம்மா எழுதியிருக்கு? பதினஞ்சு வருசமா எர்ணாகுளம் மார்க்கெட்ல காய்க்கடை வச்சிருக்கோம். மலையாளம் பேச வரும், படிக்கத்தான் வராது."

அவள் பெயர் அமுதவள்ளி, அவர் சங்கிலிப்பாண்டி. ஞாயிற்றுக்கிழமை கடைக்கு லீவு, சும்மா சுற்றிப் பார்க்க வந்திருந்தார்கள். சுபாஷிணி பலகையை மலையாளத்தில் படித்துத் தமிழில் சொன்னாள். கைதிகள் எங்கே தூங்கினார்கள், என்ன சாப்பிட்டார்கள், மலேரியாவில் எத்தனை பேர் செத்தார்கள், கிடங்கின் பின்னால் காய்கறித் தோட்டம் போட்டிருந்தார்கள் என்றெல்லாம் இருந்தது. சொல்லும்போது பக்கத்தில் நிற்கிறவனைப் பார்க்காமல் சொன்னாள்.

"தோட்டம் போட்டது நல்ல காரியம்," என்றான் ஹரிஷங்கர். "கைக்கு வேலை வேணும்."

கிடங்கில் பாதியை அந்தக் காலத்தில் இருந்தபடியே சிறையாகச் செய்து வைத்திருந்தார்கள். போனை வாங்கி வைத்துக்கொண்டு, உள்ளே விட்டுப் பத்து நிமிஷம் பூட்டுவார்கள். கைதியாக இருப்பது எப்படி என்று தெரிந்துகொள்ளலாமாம். நாலு பேராவது சேர்ந்தால்தான் விடுவார்கள்.

"நீங்களும் வந்தீங்கன்னா எங்களையும் விட்டுருவாங்க," என்றாள் அமுதவள்ளி.

"இல்லை, நாங்க வரலை," என்றாள் சுபாஷிணி அவசரமாக.

"போலாமே," என்றான் ஹரிஷங்கர். "எப்படிப் பண்ணியிருக்கான்னு பார்க்கலாம்."

வழிகாட்டியாக இருந்த பெண்ணின் பெயர் ஸாதனா. கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. போன்களை ஒரு பெட்டியில் வாங்கி வைத்துக்கொண்டு கனமான மரக்கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே சிமெண்டுத் திண்டு, தகரக் குவளை, கோரைப்பாய். உயரத்தில் கையகலத்துக்கு ஒரு சாளரம், அதில் கம்பி. கதவைச் சாத்திப் பூட்டினாள். பூட்ஸ் சத்தம், மணிச் சத்தம், யாரோ இருமுகிற சத்தம் என்று ஒலிபெருக்கியில் வந்துகொண்டிருந்தது. சங்கிலிப்பாண்டி முதலில் சிரித்தார். "மாப்ள வீட்டுக்காரங்க மாதிரி உக்காந்திருக்கோம்," என்றார்.

பத்து நிமிஷம் ஆனதும் வெளியே ஸாதனா தாழ்ப்பாளை இழுக்கும் சத்தம் கேட்டது. கதவு திறக்கவில்லை. மறுபடி இழுத்தாள், தட்டினாள். பிறகு அவள் குரல் மலையாளத்தில் வந்தது. தாழ் சிக்கிக்கொண்டது, ஒரு நிமிஷம், ஆசாரியைக் கூப்பிட்டு வருகிறேன், பேடிக்கண்டா, பயப்பட வேண்டாம். செருப்புச் சத்தம் ஓடித் தேய்ந்தது. ஒலிபெருக்கியை நிறுத்த மறந்துவிட்டாள். பூட்ஸ் சத்தம் திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தது.

காற்று இல்லை. சங்கிலிப்பாண்டி எழுந்து கதவைத் தள்ளினார். தோளால் இடித்தார். சட்டை முழுக்க வியர்த்துவிட்டது. "மூச்சு முட்டுது," என்றார். மறுபடி இடித்தார்.

"ஏங்க, உக்காருங்க. வந்துருவாங்க," என்று அமுதவள்ளி அவர் கையைப் பிடித்தாள். அவர் உதறிவிட்டார். அவ்வளவு பெரிய உடம்பு நடுங்குவதைப் பார்த்ததும் சுபாஷிணியும் எழுந்துவிட்டாள். இந்த மனிதரைக் கவனித்துக்கொண்டிருந்ததில் ஹரிஷங்கரைப் பார்க்க மறந்திருந்தாள். பார்த்தபோது அவன் எழுந்து ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கிக்கொண்டிருந்தான். சத்தம் நின்றது.

"அண்ணாச்சி," என்றான். குரல் உரக்க இல்லை. "இங்கே வாங்கோ. இந்த ஜன்னலுக்குக் கீழே. காத்து இங்கேதான் எறங்கறது. முதுகைச் செவத்துல சாச்சுக்கோங்கோ. அப்படித்தான்." அமுதவள்ளியிடம் திரும்பினான். "பையிலே தண்ணி இருக்கோ? கொடுங்கோ. ஒரு வாய்தான், முழுங்காம வாயிலே வெச்சுக்கட்டும்." சுபாஷிணியிடம், "செவத்துல தொங்கற அந்த அட்டையை எடுத்து விசிறுங்கோ. அவருக்கு மட்டும் இல்லை, மேலேர்ந்து கீழே, காத்து நகரணும்," என்றான். அவள் விளக்க அட்டையைச் சுவரிலிருந்து கழற்றி விசிறினாள். கை தானாக அவன் சொன்னபடி செய்தது.

அவன் சங்கிலிப்பாண்டியின் எதிரில் குந்தி உட்கார்ந்தான். "லாரி வந்தா முதல்ல எதை எறக்குவேள்?"

"என்னது?"

"உங்க கடைக்கு லோடு வருமே. எதை முதல்ல எறக்குவேள்?"

சங்கிலிப்பாண்டி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "தக்காளி," என்றார். "மேல இருக்கும். அதைத்தான் முதல்ல."

"அப்பறம்?"

"அவரை, வெண்டை. சாக்கை வீசக் கூடாது. பசங்க வீசுவானுங்க, நான் நிக்கணும் பக்கத்துல. பூசணி அடியில கெடக்கும், அது கடைசி." பேசப் பேச மூச்சு சீராயிற்று. ஓணம் நேரத்தில் ஒட்டன்சத்திரத்திலிருந்து வரும் லோடைப் பற்றிச் சொன்னார். அவன் விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தான். இடையில் அமுதவள்ளியை இடம் மாறி உட்காரச் சொன்னான், சுபாஷிணியின் கையிலிருந்து அட்டையை வாங்கித் தான் விசிறினான். பாதை பிரிந்த இடத்தில் எந்தப் பக்கம் என்று கேட்டவன்தான் இவனா என்று அவளுக்குத் தோன்றியது.

கடப்பாரையால் நெம்பித்தான் கதவைத் திறந்தார்கள். வெயிலில் கண் கூசியது. ஸாதனா அழாத குறையாக எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டாள். சங்கிலிப்பாண்டி ஹரிஷங்கரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "மார்க்கெட் பக்கம் வந்தா கடைக்கு வரணும் தம்பி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெண்டாட்டியோடு போனார்.

பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஸாதனா எங்கிருந்தோ இரண்டு சாயா கொண்டு வந்து கொடுத்தாள்.

"உள்ளே நீங்க வேற ஆளா இருந்தேள்," என்றாள் சுபாஷிணி.

"தெரியும்." சாயாவை ஆற்றினான். "அங்கேயும் அப்படித்தான். யார் எங்கே படுக்கணும், யாருக்கு முதல்ல தண்ணி, யார் அழறான், யாரோட பேசணும், எல்லாம் நான்தான். கேப்டனே என்கிட்டே வந்து கேப்பார். திரும்பி வந்தப்பறம் கலூர்ல ஒரு கம்பெனில ஏசி மெயின்டனன்ஸ் வேலை கெடச்சுது. ரெண்டு மாசம் கூட நிக்கலை. எந்த மெஷினை முதல்ல பார்க்கறதுன்னு தெரியாம நின்னுண்டே இருப்பேன். காலம்பற எழுந்தா எந்தச் சட்டை போட்டுக்கறதுன்னு தெரியாது. இதுவும் மன்னி எடுத்து வெச்ச சட்டையாக்கும்."

அவள் அந்தச் சட்டையைப் பார்த்தாள்.

"ஜெயிலைப் பத்தி யார் கேட்டாலும் நேக்கு ஒரு வெஷமமும் இல்லை, மனசு கஷ்டப்படாது. இதுதான் வெஷமம். இதை உங்ககிட்டே சொல்லாம இருக்கப்படாதுன்னு தோணித்து."

சுபாஷிணி மதிலுக்கு அப்பால் தெரிந்த காயலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய முதல் புருஷன் எல்லாவற்றையும் அவனே முடிவு செய்கிறவன். அவள் எந்த பாங்கில் கணக்கு வைக்க வேண்டும், எந்தத் தோழியோடு பேசலாம் என்பது வரைக்கும். அதிலிருந்து வெளியே வந்து, தன் காரியங்களைத் தானே பார்த்துக்கொள்ளப் பழகியிருந்தாள். இப்போது இன்னொரு ஆளின் காரியங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றால் அது வேறு விதமான மாட்டிக்கொள்ளல். அவன் மீது அவளுக்கு இரக்கம் வந்தது. இரக்கத்தின் மீது ஒரு கல்யாணத்தை வைக்க முடியாது என்றும் தெரிந்தது.

"நான் சட்டை எடுத்து வைக்க மாட்டேன்," என்றாள்.

"வேண்டாம்," என்றான். சிரிக்கவில்லை.

"பசிக்கறது. எங்கே சாப்பிடலாம்னு நீங்க சொல்லுங்கோ."

பஜார் ரோட்டுக்கு வந்தார்கள். முக்கில் ஓர் உடுப்பி ஹோட்டல், எதிரில் குஜராத்திச் சாப்பாடு, கொஞ்சம் தள்ளி நீலப் பெயிண்ட் அடித்த ஒரு சின்னக் கடை.

"உங்களுக்கு எது இஷ்டம்?" என்றான்.

"நேக்கு எல்லாம் ஒண்ணுதான்," என்றாள். அது பொய். குஜராத்திக் கடைக்கு அவள் மாதம் இரண்டு தடவையாவது போவாள். அந்த நீலக் கடையில் யாரும் தெரிந்து போய்ச் சாப்பிட மாட்டார்கள் என்பதும் தெரியும்.

அவன் உடுப்பி ஹோட்டலைப் பார்த்தான். எதிர்க்கடையைப் பார்த்தான். குடையை விரித்தான், மடக்கினான். மூட்டை ஏற்றிய தள்ளுவண்டி ஒன்று வழி கேட்டது, ஒதுங்கி நின்றார்கள். ஓர் ஆட்டோக்காரர் எங்கே போகணும் சேட்டா என்றார், அவன் வேண்டாம் என்று தலையை ஆட்டினான். வெயில் உச்சியில் இறங்கியது. அவன் நெற்றியில் வியர்வை திரண்டது, சிறையில் கூட இப்படி வியர்க்கவில்லை. உதட்டு வரைக்கும் வந்த கடைப் பெயரை அவள் விழுங்கிக்கொண்டாள். ஒரு தடவை அவன் திரும்பி அவளைப் பார்த்தான். அவள் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உதவக் கூடாது என்பது இவ்வளவு கஷ்டமான காரியம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது.

"இங்கே," என்றான் கடைசியில். நீலக் கடையைக் காட்டினான்.

சாம்பார் முந்தின நாளுடையது. சோறு கட்டி கட்டியாக இருந்தது. பப்படம் நமுத்திருந்தது. இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். மோர் ஊற்றிக்கொள்ளும்போது அவன் சொன்னான்: "தப்பான கடை."

"ஆமாம்," என்றாள். "அடுத்த தடவை வேற எடம் பாருங்கோ."

அவன் இலையிலிருந்து தலை நிமிர்ந்தான். "அடுத்த தடவையா?"

"வருவேளோல்லியோ?"

வீட்டுக்கு வந்ததும் நீலாம்பாள் அவளைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். "அவன் எப்படி? எடத்தைப் பார்த்து ஒண்ணும் சொல்லலையே?"

"ஒண்ணும் சொல்லலை. இன்னும் நாலஞ்சு தடவை பார்க்கணும்."

"நாலஞ்சு தடவையா? பொண்ணு பார்க்கறதுக்கா?"

அது நாலைந்தோடு நிற்கவில்லை. மழைக்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகளில் பார்த்துக்கொண்டார்கள். சில நாள் அவனால் எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. அன்றைக்கு ஒன்றும் சாப்பிடாமல் அவரவர் வீட்டுக்குப் போவார்கள், அவளுக்கு எரிச்சலாக இருக்கும், அதை மறைக்கவும் மாட்டாள். சில நாள் நல்ல கடை கிடைக்கும். துலாமாதம், அதாவது ஐப்பசியில், தோப்பும்படியில் மீன்பிடிப் படகுகளின் என்ஜின் பார்க்கும் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தான், யாரும் வாங்கிக் கொடுக்காமல், அவனே போய்க் கேட்டு. கல்யாணப் பேச்சை அவன் எடுத்ததும் அந்த மாதத்தில்தான். அவள் யோசித்துச் சொல்கிறேன் என்றாள். நீலாம்பாள் அந்த நாட்களில் தினமும் கேட்டுக்கொண்டிருந்தாள். சுபாஷிணி நன்றாக யோசித்து, ஒரு வாரம் கழித்துச் சரி என்றாள்.