காலடியில் ஒரு பெட்டி

மச்சினனுக்கும் அவருக்கும் ஏழாம் பொருத்தம். ஆனாலும் அவனுக்கான பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவர் அவர்தான். லிஃப்ட் மெக்கானிக், கம்பெனி வேலையாக அடிக்கடி மச்சினன் இருக்கும் வெளிநாட்டு ஊருக்குப் போய்வருபவர் என்பதால் விசா கையில் இருந்தது. வழக்கமாகக் கொண்டுபோகும் ஆஸ்பத்திரி ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டான்.

பெட்டிக்குள் ஒரு பை. அதில் அவர் மனைவியின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த, ஸ்டெம் செல் எனப்படும் மூலச் செல்கள். அங்கே அவளுடைய தம்பியின் எலும்பு மஜ்ஜையை ஏற்கெனவே மருந்து கொடுத்து அழித்துவிட்டார்கள். இது போய்ச் சேராவிட்டால் அவன் உடம்பில் புது ரத்தம் ஊறாது.

"பத்தாயிரம் கிலோமீட்டர், பதிமூணு மணி நேரம். நேரா போற ஃப்ளைட்தான்," என்றார் டாக்டர். "இந்த செல்லெல்லாம் ஒன்றரை நாள் தாங்கும். அதுக்கு மேல என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

விமானத்தில் பெட்டியைக் காலடியில் வைத்து இரண்டு பாதங்களாலும் அணைத்துக்கொண்டார். எதிரே திரையில் குட்டி விமானம் கடல்மேல் எறும்பாக ஊர்ந்தது. பாதித் தூரம் கடந்திருக்கும். மூன்று வரிசை முன்னால் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். கொஞ்ச நேரத்தில் திரையிலிருந்த விமானம் மூக்கைத் திருப்பியது.

"பக்கத்து ஏர்போர்ட்ல இறக்கறோம் சார்," என்றாள் பணிப்பெண்.

அவர் எழுந்தேவிட்டார். "ஒருத்தருக்காகவா? அங்கயும் ஒரு உசுரு இதுக்காகக் காத்துக்கிட்டு இருக்கு!"

சாய்ந்தவரின் மனைவி திரும்பிப் பார்த்தாள். கணவரின் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. "கொஞ்சம் பொறுத்துக்கங்க அண்ணா," என்றாள், தானே தப்புச் செய்தவள் போல. அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

இறங்கிய இடத்தில் விமானிகளின் வேலை நேரம் முடிந்துவிட்டது. மாற்று ஆட்கள் வந்தால்தான் பறக்க முடியும். கண்ணாடிச் சுவரோரம் உட்கார்ந்து, பெட்டியின் மேல் குளிர்நிலையைக் காட்டிய எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரிலிருந்து மனைவி ஃபோனில் கூப்பிட்டாள்.

"என்னங்க, சேர்ந்துட்டீங்களா?"

"இல்லம்மா. வழியில இறக்கிட்டாங்க. குளிர் சரியாத்தான் இருக்கு. உனக்கு ஊசி குத்தின கை வலிக்குதா?"

அவள் அழுதாள்.

"அழாத. உன் தம்பி என்கிட்ட இன்னொரு சண்டை போடாம எங்கயும் போயிட மாட்டான்."

டாக்டர் சொன்ன கெடு முடியச் சற்று முன்புதான் பெட்டி ஆஸ்பத்திரி சேர்ந்தது. "பாதிக்கு மேல உயிரோட இருக்கு. போதும்," என்றாள் பரிசோதனைக்கூடத்துப் பெண். கண்ணாடிக்கு அப்பால் மொட்டைத் தலையோடு கிடந்த மச்சினன் கையைத் தூக்கப் பார்த்தான், முடியவில்லை.

மூன்று வாரம் கழித்து அவன் ரத்தத்தில் புது அணுக்கள் தலைகாட்டின. முழுதாகத் தேற ஒரு வருடம் ஆகும் என்றார்கள். அதுவரை அக்காவிடம் 'உன் வீட்டுக்காரர்' என்றே சொல்லிவந்தவன் ஃபோனில் "மாமா" என்று கூப்பிட்டான்.

மறுநாள் அவர் விமானக் கம்பெனிக்கு ஃபோன் போட்டு, அன்றைக்கு வழியில் இறக்கப்பட்ட பயணி பிழைத்தாரா என்று கேட்டார்.

"நீங்க அவருக்கு என்ன உறவு சார்?"

"உறவெல்லாம் இல்லம்மா. கூட வந்தவன்."

"அப்படின்னா எதுவும் சொல்ல முடியாதுங்க," என்று அந்தப் பெண் வைத்துவிட்டாள்.