தகடு வைத்த எஞ்சின்

உலகத்தில் எந்த எந்திரம் மக்கர் செய்தாலும் அடியில் ஒரு தாளைச் சொருகினால் சரியாகிவிடும் என்பது ஸ்ரீராம்குமாரின் அசைக்க முடியாத நம்பிக்கை. சிவகாசியில் ஆஃப்செட் பிரஸ் வைத்திருக்கிறார். அச்சு ஒரு பக்கம் வெளிறி விழுந்தால், உருளையைச் சுற்றியிருக்கும் ரப்பர் விரிப்புக்கு அடியில் மெல்லிய தாள் ஒன்றைக் கொடுத்து அழுத்தத்தைச் சரிசெய்வது அந்தத் தொழிலின் வழக்கம். பேக்கிங் கொடுப்பது என்பார்கள். அதில் அவரை மிஞ்ச ஊரில் ஆள் கிடையாது. அதை அவர் மனைவி அருணாதேவியே ஒப்புக்கொள்வாள்.

மனுஷன் அதோடு நின்றிருந்தால் அவளுக்கு ஆயுசு பத்து வருஷம் கூடியிருக்கும். கிரைண்டர் ஆடினால் அடியில் கேலண்டர் அட்டை. பீரோ கதவு மூடாவிட்டால் பட்டாசு லேபிள் நாலாக மடித்து இடுக்கில். புது மிக்ஸி வாங்கிய அன்றைக்கே அதன் காலுக்குக் கீழே அட்டையை வைத்தவர் அவர். எதற்கு என்று கேட்டால், "இருக்கட்டுமே" என்றார். இப்படிப்பட்டவரிடம் காரின் எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாது. பேசினாள். தன் வாயைத்தான் சொல்ல வேண்டும்.

கார் அவளுடையது. பெண்களுக்கென்று அவள் நடத்தும் டிரைவிங் ஸ்கூலில் இருப்பதே அந்த ஒரு கார்தான். ஆடி மாதம் அதன் வயிற்றுக்குள் கடகடவென்று சத்தம் கிளம்பியது. மெக்கானிக் ஜெயச்சந்திரன் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். எஞ்சினுக்குள் சுழலும் கிராங்க் தண்டு முழுக்கக் கீறல். லேத்தில் கொடுத்துக் கடைந்து வழவழப்பாக்கினார்கள். கடைந்தால் தண்டு மெலியும். அது மெலிந்த அளவுக்கு அதைப் பிடித்திருக்கும் பேரிங் தடிக்க வேண்டும். எவ்வளவு கடைந்தார்களோ அதற்கேற்ப பத்து, இருபது, முப்பது என்று சைஸ் உண்டு. இவளுக்கு வேண்டியது இருபது.

"இருபது போட்டாத்தான்க்கா நடுவுல ஆயில் நிக்க இடம் சரியா இருக்கும்" என்று ஜெயச்சந்திரன் சொல்லியிருந்தான். "இடம் கூடுனா கடகடன்னு அடிக்கும். கொறஞ்சா இறுகிப் புடிச்சிரும். ரோட்டுல போகும்போது புடிச்சா வண்டி சொன்ன பேச்சு கேக்காது."

இருபது எங்கேயும் இல்லை. சிவகாசியில் நாலு கடை ஏறி இறங்கினாள். பஸ் பிடித்து விருதுநகர் போனாள். பஜாரில் மிளகாய் வற்றல் நெடிக்குத் தும்மிக்கொண்டே அவள் கேட்டதற்கு, அந்தக் கடைக்காரர் பத்து சைஸ் பெட்டியை எடுத்து நீட்டினார்.

"இருபது கேட்டேன்."

"பத்துதாம்மா இருக்கு. இத வச்சு ஓட்டிக்கிடுங்க. எல்லாரும் ஓட்டுறாக."

"உங்க சட்டைய உங்க பேரனுக்குப் போட்டு விடுவீகளா?"

"அவன் சட்டையே போட மாட்டேங்கான்மா" என்றார் அவர், துளிக்கூடக் கோபப்படாமல். இந்த மாதிரி ஆட்களிடம் சண்டையும் போட முடியாது. அவரே மதுரையில் சொல்லி வைத்தார். மதுரைக்காரன் கோயம்புத்தூர்க் கடையிலிருந்து பார்சலில் அனுப்பச் சொன்னான். தீபாவளி சீசனில் பார்சல் ஆபீஸ்காரனுக்குப் பட்டாசு ஆர்டரைத் தவிர வேறு எதுவும் கண்ணில் படுவதில்லை. இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று வாரங்கள் ஓடின.

அவளுக்கு அவசரம் சினேகாவை நினைத்துத்தான். வெம்பக்கோட்டைப் பக்கத்துப் பெண். தாயும் அண்ணனும் பட்டாசு வேலைக்குப் போகிறவர்கள். தன்னால் அந்த மருந்து ரூமுக்குள் போய் உட்கார முடியாது என்று ஒற்றைக்காலில் நின்று, கெஞ்சிக் கூத்தாடி, வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவள். ஆளேற்றும் சின்ன வேனுக்குப் பெண் டிரைவர் வேண்டும் என்று ஒரு கம்பெனி கேட்டிருந்தது. லைசென்ஸோடு வந்தால் வேலை. இந்த மாதத்துக்குள் வராவிட்டால் வேறு ஆள். சினேகாவுக்கு டெஸ்ட் வெள்ளிக்கிழமை.

புதன்கிழமை கார் தயார் என்று போன் வந்தது. பேரிங் வந்துவிட்டது போலிருக்கிறது என்று அருணாதேவி குலதெய்வத்துக்கு ஒரு கும்பிடு போட்டாள். சினேகாவுக்குப் போன் போட்டு, "வெள்ளிக்கிழம வந்துரு, கார் ரெடி" என்றும் சொல்லிவிட்டாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் பட்டறையில் பூஜை. மாலை, சூடம், சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். எஞ்சின் பூனைபோல உறுமியது. சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்துக் கடைக்காரர்களுக்குத் தேங்காய்ச்சில்லு கொடுத்துக்கொண்டிருந்த ஸ்ரீராம்குமாருக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

"பேரிங் வரல, பேரிங் வரலன்னு ஒரு மாசமா ஒப்பாரி. நான் வந்தேன். பத்து சைஸ் வாங்கியாரச் சொன்னேன். நம்ம பிரஸ்ஸுல கிடந்த அலுமினியப் பிளேட்ட நீளமா வெட்டி அடியில குடுத்தேன். சோலி முடிஞ்சுச்சு. எந்திரம்னா எல்லாம் ஒண்ணுதான்."

அருணாதேவி சூடத்தட்டைக் கீழே வைத்தாள். அச்சடித்துக் கழித்துப் போட்ட தகடு. அதை வெட்டி எஞ்சினுக்குள் வைத்திருக்கிறார். அவள் காருக்குள். ஜெயச்சந்திரனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"உனக்கு அறிவு இல்லையா?"

"முடியாதுன்னுதான்க்கா சொன்னேன். நீங்களும் சரின்னுட்டதா அண்ணாச்சி சொன்னாக."

"நான் சரின்னேனா?" என்று கணவனிடம் திரும்பினாள்.

"வேண்டாம்னு சொல்லலையே" என்றார் ஸ்ரீராம்குமார்.

"எங்கிட்டக் கேட்டாத்தானே வேண்டாம்னு சொல்றதுக்கு?"

"இப்ப எதுக்குக் கத்துற? சத்தம் வருதா? வரல. ஆத்தாடி, நேத்து பைபாஸ் வரைக்கும் ஓட்டிப் பாத்தேன். வெண்ணெய் மாதிரி போகுது. நாளைக்கு டெஸ்ட முடி. பெறகு பேரிங் வந்ததும் மாத்திக்கிடலாம்."

அதுதான் அவளை ஒரு நிமிஷம் தடுமாற வைத்தது. பொய் சொல்வானேன், ஓட்டிவிடலாமா என்று அவளுக்கும் தோன்றியது. ஒரே ஒரு நாள். அந்தப் பிள்ளைக்கு லைசென்ஸ் கிடைத்துவிடும். ஆனால் போகும்போது ஸ்டீயரிங்கில் இருக்கப்போவது அந்தப் பிள்ளைதான். எதிரே லோடு லாரிகள் வரிசையாக வரும் சாலை.

"எறக்குலே. இப்பவே" என்றாள் ஜெயச்சந்திரனிடம்.

"பூஜை போட்ட வண்டியப் பிரிக்கக் கூடாதுடி" என்றார் கணவர்.

"சாமிகிட்ட நான் பேசிக்கிடுறேன்."

ஜெயச்சந்திரன் மாலையைக் கழற்றி வைத்துவிட்டு அடியில் படுத்தான். ஆயிலை வடித்து, அடித்தொட்டியை இறக்கி, ஒவ்வொரு பேரிங்காகக் கழற்றி அருணாதேவியின் கையில் கொடுத்துக்கொண்டு வந்தான். மூன்றாவதைக் கையில் வைத்து வெளிச்சத்தில் காட்டினான். தகடு ஒரு பக்கமாக நகர்ந்து, ஆயில் வரும் துளையை முக்கால்வாசி அடைத்திருந்தது. பேரிங்கின் முகம் அதற்குள் கறுத்துப்போயிருந்தது. பைபாஸ் வரைக்கும் போய் வந்ததற்கே இந்தக் கதி.

ஸ்ரீராம்குமார் அதை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் மெல்லிசா வெட்டியிருக்கணும்" என்றார்.

அருணாதேவிக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம்போல இருந்தது. இந்த மனுஷனைத் திருத்த அந்தக் கடவுளே வந்தாலும், அந்தச் சாமியின் காலுக்கு அடியிலும் ஒரு அட்டையை வைத்துத்தான் நிற்கச் சொல்வார். அவரோடு மல்லுக்கட்ட இப்போது நேரமில்லை. சினேகாவுக்குச் சொல்லியாக வேண்டும். போனை எடுத்தாள். கையெல்லாம் ஆயில். ஸ்பீக்கரில் போட்டுப் பெஞ்சில் வைத்தாள்.

"அக்கா, நாளைக்கு எத்தன மணிக்கு வரணும்?"

"சினேகா, நாளைக்கு டெஸ்ட் இல்லம்மா. வண்டி ஆகாது. வேற வண்டிக்கும் இப்ப வழியில்ல."

"இன்னொரு நாள் கெடைக்குமாக்கா?" என்று கேட்டாள்.

"கேட்டுப் பாக்கேன். இந்த மாசத்துக்குள்ள கஷ்டம்தான்."

"அப்ப வேன் போயிரும்."

"போயிரும்."

"நேத்து ரெடின்னு சொன்னீகளேக்கா." குரலில் கோபம் இருந்தது. இருக்காதா பின்னே.

மழுப்பிவிடலாம். அருணாதேவிக்கு மழுப்பத் தெம்பில்லை. "சரியான பேரிங் கெடைக்கல. அதுக்குப் பதிலா எங்க வீட்டுக்காரர் வேற எதையோ வச்சு ஓட்டியிருக்காக. எனக்கு இப்பத்தான் தெரியும். நீ ஓட்டிக்கிட்டுப் போகும்போது புடிச்சிருந்தா என்ன ஆகும்? அதான் பிரிச்சுப் போட்டுட்டேன். எம்மேல கோவம்னா திட்டிரு."

சினேகா திட்டவில்லை.

"எங்க அப்பா வேல பாத்த பட்டாசுக் கம்பெனியிலயும் இப்படித்தான்க்கா. வர வேண்டிய மருந்து வரல. சீசன் நேரம். வேற ஒண்ணக் கலந்துக்கிடலாம், இன்னைக்கு ஒரு நாளைக்குத்தானேன்னு கலந்துட்டாக. வெடிச்ச ரூமுக்குள்ள எங்க அப்பாவோட சேத்து இருந்த நாலு பேர்ட்டயும் யாரும் ஒரு வார்த்த சொல்லல." நிறுத்தினாள். "நீங்க சொல்லிட்டீக. வைக்கட்டுமாக்கா?"

போன் அணைந்தது. ஜெயச்சந்திரன் கையிலிருந்த ஸ்பேனரைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான். அருணாதேவி முந்தானையால் முகத்தைத் துடைக்கப்போய், கன்னமெல்லாம் ஆயிலை அப்பிக்கொண்டாள்.

ஸ்ரீராம்குமார் சட்டைப் பையைத் தடவினார். பர்ஸ் இருக்கிறதா என்று பார்த்தார். வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்தார்.

"கோயம்புத்தூருக்கு இப்ப பஸ் இருக்குமாலே?" என்று ஜெயச்சந்திரனிடம் கேட்டார்.

"மதுரைக்குப் போயி மாறணும் அண்ணாச்சி."

"மாறிக்கிடுறேன்." பிறகு மனைவியின் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு, "இருபதுதானே?" என்றார்.

"இருபது."

"பத்தொன்பதுன்னு எதும் குடுத்தா வாங்கக் கூடாதுல்ல?"

"கூடாது" என்றாள் அருணாதேவி.