ஆக்ஸ்மோர் பட்டதாரி

வாசுகி பட்டம் வாங்கிய பிறகு ஒரு வருடம் வேலை தேடினாள். படித்தது உலகளாவிய வணிகத் தலைமைத்துவம். உலகத்தில் எந்த வணிகமும் அவளைத் தலைமை தாங்கக் கூப்பிடவில்லை. சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் ஒட்டும் வேலை இருந்தது. அதற்கு அவள் தேவைக்கு மேல் படித்துவிட்டாளாம். ஜொகூர் பாருவில் நேர்காணலுக்குப் போனால், "ஆக்ஸ்மோரா? அது எங்க இருக்கு?" என்று கேட்டார்கள்.

நியாயமான கேள்விதான். ஆக்ஸ்மோர் பல்கலைக்கழகம் என்ற பெயரைக் கேட்டால் இங்கிலாந்தில் ஏதோ ஆற்றங்கரையில் இருப்பது போலத் தோன்றும். இருந்ததோ மலேசியாவில், ஜொகூர் பாருவை ஒட்டிய ஸ்கூடாயில், ஒரு டயர் கடையின் மேல்மாடியில். கீழே சக்கரம் கழற்றும் சத்தத்துக்கு நடுவில்தான் அவள் தலைமைத்துவம் கற்றாள்.

கடைசியில் வேலை கொடுத்ததும் ஆக்ஸ்மோர்தான். கல்வி ஆலோசகர் என்று அட்டை அடித்துக் கொடுத்தார்கள். கண்காட்சிகளில் மேசை போட்டு உட்கார்ந்து, எஸ்.பி.எம். பரீட்சை எழுதிப் பள்ளி முடித்த பிள்ளைகளை ஆக்ஸ்மோருக்கு இழுக்க வேண்டும். 'எங்கள் பட்டதாரிகளுக்கு வேலை நிச்சயம்' என்ற பதாகையில் அவள் படத்தையே போட்டார்கள். அதில் பொய் ஒன்றுமில்லை.

அவள் அப்பா ஜெயபாலன் லாபிஸில் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறவர். வயதான காலத்துக்கென்று சேர்ந்திருந்த ஈ.பி.எஃப். பணத்தை எடுத்து மகளைப் படிக்க வைத்தார். "எம்மவ யூனிவர்சிட்டில வேல செய்யுது" என்று சாப்பாட்டுக் கடையில் சொல்லுவார். "லெக்சரரா?" என்று யாராவது கேட்டால், தே தாரிக் குடிப்பதில் மும்முரமாகிவிடுவார்.

யோங் பெங்கில் ஒரு மண்டபத்தில் கண்காட்சி நடந்தது. கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் தனலெட்சுமி, மகள் யஸ்வினியைக் கூட்டிக்கொண்டு வாசுகியின் மேசைக்கு வந்தாள்.

"இங்க சேர்ந்தா வேல கிடைக்குமா மிஸ்?"

வாசுகி மகளைப் பார்த்தாள். "வேற எங்கயும் கிடைச்சிருக்கா தங்கச்சி?"

"அரசாங்க போலிடெக்னிக்ல எலெக்ட்ரிக்கல் கிடைச்சிருக்குக்கா. எனக்கு அதான் பிடிச்சிருக்கு."

மேலாளர் லோகேஸ்வரன் சாப்பிடப் போயிருந்தார். வாசுகி வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். குனிந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"ஆன்ட்டி, நான் இங்கதான் படிச்சேன். ஒரு வருஷம் வீட்ல உட்காந்திருந்தேன், யாரும் எடுக்கல. கடைசில இவங்களே எடுத்தாங்க, உங்கள மாதிரி ஆளுங்கள இழுக்குறதுக்கு. எங்கப்பா கடைசிக் காலத்துக்கு வச்சிருந்தத இங்க கொட்டிட்டு இன்னமும் லாரி ஓட்டுறாரு. தங்கச்சிய போலிடெக்னிக்குக்கே அனுப்புங்க."

தனலெட்சுமி வாயைப் பிளந்து கேட்டாள். கண் கலங்கிவிட்டது. பிறகு மகள் பக்கம் திரும்பினாள்.

"கேட்டியாடி? எவ்ளோ தெளிவா, பயமில்லாம பேசுறாங்க பாரு. இதான் படிப்பு!"

"ஆன்ட்டி, நான் சேர வேணாம்னு சொல்றேன்."

"அதத்தாம்மா நானும் சொல்றேன். வேணாங்கிறதையே இவ்ளோ அழகா சொல்றீங்களே! போலிடெக்னிக்ல இப்படிப் பேசக் கத்துக் குடுப்பாங்களா?"

"அம்மா, அக்கா சொல்றது என்னன்னா..."

"நீ சும்மா இரு. ஃபியூஸ் மாட்டத் தெரிஞ்சா போதுமா?"

பல்லைக் குத்திக்கொண்டே லோகேஸ்வரன் திரும்பி வந்தார். தனலெட்சுமி அவரிடமே பதிவுப் பணத்தைக் கட்டினாள். போதாக்குறைக்கு, இந்த மிஸ் என்னென்ன சொன்னாங்க தெரியுமா என்று புகழ ஆரம்பித்தாள். வேலை போச்சு என்று வாசுகி முடிவு கட்டிவிட்டாள்.

நெடுஞ்சாலையில் கார் ஏறிய பிறகுதான் லோகேஸ்வரன் வாய் திறந்தார். "அந்தம்மாகிட்ட சொன்னத ஒரு வார்த்த விடாம சொல்லு."

சொன்னாள். அவர் ஸ்டியரிங்கில் ஓங்கித் தட்டினார்.

"அலமாக்! இது ஏன் எனக்குத் தோணல? எல்லா காலேஜ்காரனும் வா வாங்கிறான். நீ ஒருத்திதான் வராதங்கிற. எப்படி நம்பாம இருப்பாங்க? அடுத்த வாரம் குளுவாங்ல இதையே பேசு லா."

மறுநாள் காலையில் அப்பாவுக்குப் போன் செய்தாள். "வேலைய விட்றவாப்பா?"

போனில் லாரி உறுமியது. "விட்டுட்டு எங்கம்மா போவ?" என்றார் ஜெயபாலன். குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

குளுவாங்கில் பேசினாள். கூட்டம் மேசையை மொய்த்தது. பத்து பஹாட் போய்ச் சேரும்போது, எந்த இடத்தில் குரல் உடைய வேண்டும் என்பது அவளுக்குப் பழகிவிட்டது. லோகேஸ்வரன் பதவி உயர்வு வாங்கிக் கொடுத்தார்.

புதிய மாணவர்கள் சேர்ந்த அன்று, டயர் கடைக்குப் பக்கத்துப் படிக்கட்டில் யஸ்வினி எதிரே வந்தாள். கழுத்தில் ஆக்ஸ்மோர் அட்டை தொங்கியது. வாசுகி ஒதுங்கப் பார்த்தாள். அந்தப் பெண் நின்றாள்.

"நீங்க அன்னிக்கு இன்னும் கொஞ்சம் மோசமாப் பேசிருக்கலாங்க்கா."