சுண்டைக்காயின் முழுப்பெயர்

முலுண்டிலிருந்து ரயிலேறிய அன்னத்தாய், தம்பிக்கான ஒப்பாரியைச் சயான் ஸ்டேஷன் படியிலேயே தொடங்கிவிட்டாள். தாராவிச் சந்துக்குள் முதலில் குரல் நுழைந்தது, பிறகுதான் அவள் நுழைந்தாள். அந்தக் குரலுக்கு மாஹிம் கழிமுகத்துக் கொக்குகளெல்லாம் எழும்பிப் பறந்தன என்று ஒரு பேச்சு உண்டு. நான் நம்புகிறேன்.

"ஏ சுண்டக்கா... என் சுண்டக்கா... வாயில்லாப் பூச்சியாப் பொறந்து வாயில்லாப் பூச்சியாவே போய்ட்டியே..."

"பாவம்," என்றார்கள் சுற்றியிருந்த பெண்கள்.

இசக்கியம்மாள் கணவரின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். விடியற்காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தவர் எழவேயில்லை. அப்போதிலிருந்து அழுதுகொண்டிருந்தவளுக்கு, அந்தப் 'பாவம்' காதில் விழுந்ததும் அழுகை நின்றுவிட்டது.

சுண்டைக்காய் என்று பெயர் வைத்ததே இந்த அன்னத்தாய்தான். தம்பி பிறந்தபோது உள்ளங்கைக்குள் அடங்கினானாம். அந்தப் பெயரும் அவரோடு டிக்கெட் இல்லாமல் பம்பாய்க்கு வந்து சேர்ந்தது. சந்தில் யாருக்கும் அவருடைய வேறு பெயர் தெரியாது. அவரும் பெயருக்கு மரியாதை செய்து சுருங்கிக்கொண்டே போனார். குழாயடியில் பூனைக்கு வழிவிடுவார். தோல் கிடங்கில் கால் தடுக்கினால் மூட்டையிடம் மன்னிப்புக் கேட்பார்.

சீனச் சண்டை முடிந்த மறுவருஷம், மாட்டுங்கா நடைபாதைக் கடையில் ஒரு பழைய புத்தகம் வாங்கினார். அட்டை போய், முன்பக்கங்களும் போய், மூன்றாம் பயிற்சியிலிருந்து தொடங்கிய புத்தகம். தன்னைத்தானே மதிக்கக் கற்பது எப்படி என்று யாரோ ஒரு புண்ணியவான் எழுதியது. 'தினமும் காலையில் உங்கள் முழுப்பெயரைப் பெரிதாக எழுதுங்கள். கண்ணாடி முன் நின்று உரக்க வாசியுங்கள். நேற்று நன்றாகச் செய்த ஒரு காரியத்தை அதன் கீழே எழுதுங்கள். அது உண்மையாக இருக்கவேண்டும்.'

காகிதத்தை எலி தின்றுவிடும் என்று கதவின் உட்பக்கத்தில் சாக்பீஸால் எழுதினார்: பூதத்தான். அந்தப் பெயருக்கு ஆறடியும் மீசையும் வேண்டும். அவரிடம் இரண்டும் இல்லை. வீட்டுக் கண்ணாடியில் மூக்கு மட்டுமே தெரிந்ததால், பித்தளைத் தாம்பாளத்தைச் சுவரில் சாய்த்து அதன் முன் நின்றார். தாம்பாளத்தில் அவர் முகம் இரண்டு மடங்கு அகலமாகத் தெரிந்தது. பயிற்சிக்கு அது நல்லதாகவே போயிற்று. இசக்கியம்மாள் ராத்தோறும் புளி போட்டுத் துலக்கி வைத்தாள்.

'நேற்றுச் சோறு குழையாமல் வடித்தேன்.' 'நேற்றுக் குழாயடியில் என் இடத்தை விடவில்லை.' அதைப் பார்த்துப் பார்த்தே அவளும் எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டாள்.

ஒருநாள் கேட்டார்: "ஏ இசக்கி, எம் பேர நீ ஒரு தடவ வாசியேன். இன்னொரு ஆளு வாயால கேட்டா எப்படி இருக்குன்னு பாக்கணும்."

"அய்ய! புருசன் பேரச் சொல்லுவாகளாக்கும்! நாக்கு அழுகிப் போவும்."

அவர் சிரித்துக்கொண்டே ஈரத்துணியால் கதவைத் துடைத்தார்.

அப்புறம் அந்த மகா சம்பவம். கிடங்கு மேஸ்திரி தத்தோபா வழக்கம்போல, "ஏ சோட்டூ!" என்று பொடியனைக் கூப்பிடுவதுபோல் கூப்பிட்டான். இவர் தராசைக் கீழே வைத்துத் தன் பெயரைச் சொன்னார். "மேரா நாம் சோட்டூ நஹீ. பூதத்தான்." அந்தக் கணம் சாலையில் லாரிகள் நின்றன, மேலே போன விமானம் ஒரு பக்கம் சாய்ந்து எட்டிப் பார்த்தது. தராசு முள் மட்டும்தான் ஆடியது என்பார்கள் சிலர். நாம் ஏன் குறைத்துச் சொல்லவேண்டும்?

இப்போது சந்து முனையில் அதே தத்தோபா நின்றான். கையில் தடித்த ரோஜா மாலை, பின்னால் கிடங்கு ஆட்கள்.

"பூதத்தான் பாய் கா கர் கிதர் ஹை?" என்று வீட்டை விசாரித்தான்.

கடை வைத்திருந்த நயினார் யோசித்துப் பார்த்தார். "அப்படி யாரும் இங்க நஹீ. யே சுண்டக்கா வீட்டு எழவு. அடுத்த சந்து, தூஸ்ரா கலி போ."

தத்தோபா தலையைச் சொறிந்தான். மாலையோடு திரும்பினான்.

வாசல் வழியாக இசக்கியம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். மாலை போகிறது. மாலையோடு அந்தப் பெயரும் போகிறது. இன்னும் சற்று நேரத்தில் சுண்டைக்காய் சுடுகாட்டுக்குப் போய்விடும். பூதத்தான் என்று ஒருவர் இந்தச் சந்தில் இருந்ததே இல்லை என்று ஆகிவிடும். அவள் எழுந்தாள்.

"ஏட்டி, ஒக்காரு," என்றாள் அன்னத்தாய்.

"பூதத்தான் வீடு இதான்!" இசக்கியம்மாளின் குரல் தகரக் கூரைகளின் மேல் ஏறி ஓடியது. "இங்க வாங்க! இதர் ஆவோ! பூதத்தான் வீடு இதான்!"

அன்னத்தாயின் ஒப்பாரி பாதியில் அறுந்தது. கொக்குகள் உண்மையிலேயே பறந்தது இப்போதுதான்.

"ஏட்டி... புருசன் பேரச் சொல்லுதியே! பொணம் கெடக்கையில!"

"அவுக பேரு அதான மைனி. நான் சொல்லலேன்னா வேற ஆரு சொல்லுவா? சுண்டக்கான்னு அழுதா அவுகளுக்குக் கேக்காது. பேரச் சொல்லி அழுவுங்க."

தத்தோபா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, மாலையை மார்பில் வைத்து, "பூதத்தான் பாய்," என்று கைகூப்பினான். நயினார் கடையை மறந்துவிட்டுத் தலைப்பாகையை அவிழ்த்தார்.

அன்னத்தாய் தம்பியின் முகத்தையே பார்த்தாள். மூக்கைச் சிந்தினாள். பிறகு தொண்டையைச் செருமினாள்.

"ஏ பூதத்தானே... ஏழு தேசம் ஆண்ட ராசாவே..."

"ராசா வேண்டாம் மைனி. உண்மையா இருக்கணும்."

"பின்ன என்னத்தச் சொல்ல?"

இசக்கியம்மாள் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். அன்னத்தாய் எப்பேர்ப்பட்ட கலைக்காரி! கொடுத்ததையெல்லாம் மெட்டில் ஏற்றிவிட்டாள்.

"கொழாயடியில எடம் விடாத பூதத்தானே... சோறு கொழையாம வடிச்ச பூதத்தானே... மேஸ்திரி முன்னால தல குனியாத பூதத்தானே..."

"ஆமா!" என்றார்கள் பெண்கள். "ஆமா! ஆமா!"

ஒருத்தி வாயிலிருந்தும் 'பாவம்' வரவில்லை. பாடை புறப்பட்டபோது சந்து முழுவதும் அந்தப் பெயரைச் சொன்னது. சயான் ஸ்டேஷனில் நின்ற வண்டி ஊதி ஆமோதித்தது.

ஆண்கள் போன பிறகு பெண்கள் வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வீட்டைக் கழுவினார்கள். அன்னத்தாய் துடைப்பத்தோடு கதவண்டை வந்தாள். விடியற்காலையில் அவர் எழுதிய பெயர் கதவில் அப்படியே இருந்தது. அதன் கீழே, நேற்றைய காரியத்தை எழுதும் வரிக்கு இடம் காலியாக இருந்தது.

"இதையும் கழுவிரட்டுமா ஏட்டி?"

"இருக்கட்டும் மைனி."

இசக்கியம்மாள் நிலைப்படி மேலிருந்த சாக்பீஸை எடுத்தாள். காலியாக இருந்த இடத்தில் தன் பெயரை எழுதத் தொடங்கினாள். எழுத்துகள் பெரிதாகப் போயின. 'இசக்கிய' வரைக்கும்தான் கதவு போதுமானதாக இருந்தது. மீதி நிலையைத் தாண்டிச் சுவரில் ஏறியது.

சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள். மூலையில் சாய்ந்திருந்த தாம்பாளத்தை எடுத்தாள். மங்கியிருந்தது. புளி எடுக்க அடுப்படிக்குப் போனாள்.