அமைதியான வார்டு

வார்டு முழுக்க வாயாடி என்று கூப்பிடும் தோழியும் அவளும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த நர்ஸுகள். டாக்டருக்குக் காத்திராமல் நோயாளியைப் பரிசோதித்து மருந்து எழுத அனுமதி தரும் மேற்படிப்பையும் சேர்ந்தே படித்தவர்கள். அவளுக்குத் தோழி வைத்த பெயர் நிதானம். “இவ ஊசியோட வந்து சேர்றதுக்குள்ள காய்ச்சலே சலிச்சுப்போய் இறங்கிடும்” என்பாள்.

இருவரையும் முதியோர் வார்டுக்கு மாற்றியபிறகு அந்தச் சிரிப்பு குறைந்தது. வேலையை விட்டுப் போனவர்களின் இடத்துக்கு ஆள் வரவில்லை. கட்டில்கள் மட்டும் கூடிக்கொண்டே போயின.

ஒரு மதியம், ஓயாமல் பேசும் பஸ் டிரைவர் பெரியவர் வாய் பிளந்து கிடந்தார். காலையில்கூடக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “படியில நிக்காதீங்க, உள்ள போங்க” என்று வார்டையே அதட்டியவர். நிதானம் அவர் கன்னத்தைத் தட்டினாள். அரைக்கண் திறந்து மூடியது.

“தூக்க மருந்து போட்டியா?”

“கொஞ்சந்தான்” என்றாள் வாயாடி.

“எதுக்கு? வலின்னாரா?”

“சத்தம் போட்டாரு. எனக்கு ரெண்டு கைதான்டி இருக்கு.”

அது ஒரு நாள் கதையில்லை என்று பிறகுதான் தெரிந்தது. சத்தம் போட்ட ஒவ்வொரு கட்டிலும் ஒவ்வொன்றாக அடங்கியது. அவள் பெரிய டாக்டரிடம் போனாள். அவர் கண்ணாடியைத் துடைத்தபடி, “வார்டு அமைதியா இருக்குன்னு பார்க்க வர்றவங்க பாராட்டுறாங்க. குறை சொல்றது நீங்க ஒருத்தர்தான்” என்றார். வேலியே பயிரை மேய்ந்தால் யாரிடம் சொல்வது? மறுநாள் டீ குடிக்கும் அறைக்குள் அவள் நுழைந்ததும் பேச்சு நின்றது. “நீதிதேவதை வந்தாச்சு” என்று ஒருத்தி முணுமுணுத்தாள். வாயாடி சிரிக்கவில்லை, நிமிரவும் இல்லை.

எழுந்து உட்காராத பெரியவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. அவள் தூக்கி உட்காரவைத்து முதுகைத் தட்டுவாள். அவள் ட்யூட்டி முடிந்து போனதும் மறுபடி ஊசி, மறுபடி படுக்கை. ஒரு விடியலில் மூச்சு நின்றது.

அவர் மனைவி அவளுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “கடைசிவரைக்கும் கஷ்டம் தெரியாம தூங்கினாரும்மா. நீங்கல்லாம் நல்லா இருக்கணும்.”

வாயாடி பக்கத்திலேயே கட்டில் விரிப்பை உருவிக்கொண்டிருந்தாள். நிதானம் ஆமாம் என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டினாள்.

அதன்பிறகு அவள் உடம்புதான் வேலைக்குப் போய்வந்தது. வீட்டுக்கு வந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். “அம்மா, உங்கிட்டதான் பேசிட்டிருக்கேன்” என்று மகள் தோளைக் குலுக்குவாள். “நாலு நாள் லீவு போடேன்” என்றார் கணவர். “லீவு போட்டா மட்டும்?” என்றாள்.

ஒரு நாள் மூலைக்கட்டில் அம்மா, எப்போதோ இறந்துபோன தன் அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். வாசலில் புது நோயாளிகள் காத்திருந்தார்கள். “அக்கா, அக்கா” என்ற குரல் மண்டைக்குள் இறங்கியது. சிரிஞ்சில் தூக்க மருந்தை இழுத்துக் காற்றுக்குமிழியை விரலால் சுண்டியபோதுதான், தன் கை என்ன செய்கிறது என்று அவளுக்கு உறைத்தது. யாரும் சொல்லவில்லை, அவளேதான் எடுத்திருந்தாள்.

மருந்தைக் கொட்டிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“எங்க அக்கா வந்துட்டாளா?”

“வந்துட்டிருக்காங்கம்மா” என்று சொல்லி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றே வேலையை விட்டாள். நேராக டிரைவர் வீட்டுக்குப் போய் நடந்ததையெல்லாம் சொன்னாள். பெரியவரின் மனைவி கடைசிவரை கேட்டார். “அப்ப அவரு என்னைக் கூப்பிடணும்னு நினைச்சிருந்தாலும் முடிஞ்சிருக்காதே?” என்றார்.

குடும்பம் புகார் கொடுத்தது. விசாரணையில் அவள் தன் மௌனத்தையும் சேர்த்தே சொன்னாள். பெரிய டாக்டர் வேறு ஆஸ்பத்திரிக்குப் பெரிய டாக்டராகவே போனார். வாயாடிக்கு வேலை போயிற்று.

கடைசி விசாரணை முடிந்து இருவரும் பஸ் நிறுத்தத்தில் ஒரே பெஞ்சில் உட்கார நேர்ந்தது.

“நான் கெட்டவ இல்லடி” என்றாள் வாயாடி, ரோட்டைப் பார்த்தபடி.

“தெரியும். அதுதான்டி தாங்க முடியல.”

பஸ் வந்தது. வாயாடி ஏறிப் போனாள். அவளும் அதே வண்டியில்தான் போகவேண்டியவள், எழுந்திருக்கவில்லை.