கோடு எப்படி இருக்கு, அண்ணி?

மூன்று வாரமாக நிலம் நடுங்கிக்கொண்டிருந்தது. பெரிதாக ஒன்று வந்து ஓய்ந்திருந்தால் ஊர் அழுதுவிட்டு வேலையைப் பார்த்திருக்கும். இதுவோ சின்னதும் நடுத்தரமுமாகக் கும்பல் கும்பலாக வந்தது. தலை எது, வால் எது என்று நில அதிர்வு நிலையத்தில் வேலை பார்க்கும் அவளுடைய நாத்தனாருக்கே பிடிபடவில்லை. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார்கள்; பயமும் புளித்துவிட்டது. மூக்குக்கண்ணாடிக் கடையில் அலமாரிக் கதவுகளை நாடாவால் கட்டிவைத்து, நிறைமாத வயிற்றோடு அவள் வியாபாரம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். நிலம் ஆடும்போது வாடிக்கையாளரும் அவளும் பேச்சை நிறுத்துவார்கள். நின்றதும் விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

அன்று மத்தியானம் வீட்டில் சாப்பிடும்போது, "பாருங்க, உதைக்குது," என்று கணவனின் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள். அவன் சிரிக்கவில்லை. மேலே பார்த்தான். கூரையில் தொங்கிய விளக்கு ஆடிக்கொண்டிருந்தது.

"காலையில நீ சொன்னப்பவும் இது ஆடுச்சு," என்றான். "நேத்தும்தான்."

வயிற்றில் புளியைக் கரைத்தது என்பார்களே, அந்த வயிற்றிலேயே பிள்ளையும் இருந்தால் எப்படி இருக்கும்? பூமி ஆடியதையெல்லாம் பிள்ளையின் கணக்கில் சேர்த்துவிட்டாளா, பாவி மகள்?

கணவன் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டான். சாலையில் சரிந்த கல்லை ஒதுக்குகிறார்கள், ஆம்புலன்ஸ் வந்துவிடும், அதுவரை இடது பக்கமாகப் படுக்கட்டும் என்றார்கள். அவன் வாசலுக்கும் அறைக்குமாக நடந்தான். அவள் படுத்தபடியே நாத்தனாரை அழைத்தாள்.

"அண்ணி, உங்க திரையில ஓடுற கோட்டைப் பாத்துக்கிட்டே இருங்க. நான் 'இப்போ'ன்னு சொல்றப்ப நிலம் ஆடுதா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க."

நாத்தனாருக்குக் கற்பூர புத்தி. ஏன் என்று கேட்கவில்லை.

"இப்போ."

"ஆடுச்சும்மா. இது பூமி."

கொஞ்ச நேரம் கழித்து, "இப்போ."

"இதுவும் பூமிதான்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கட்டிலுக்கு அடியில், தரைக்கும் அடியில், எத்தனையோ மைல் ஆழத்தில் மலை மலையான பாறைகள் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளுவது அவள் முதுகுக்குத் தெரிந்தது. அம்மாடி, எவ்வளவு பெரியது! இத்தனை காலம் அதன் மேல்தான் கடை திறந்து, கோலி விளையாடி, சண்டை போட்டு வாழ்ந்திருக்கிறார்கள். அவளுக்கு மெய் சிலிர்த்தது. உனக்குப் புண்ணியமாகப் போகும், கொஞ்சம் சும்மா இரு, என் பிள்ளை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன் என்று அதனிடமே கெஞ்சினாள்.

அதற்குக் கேட்டதோ என்னவோ, விளக்கு நின்றது. தெருவில் நாய்களும் அடங்கின. விலாவுக்குக் கீழே ஏதோ உருண்டது.

"இப்போ," என்றாள்.

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"கோடு எப்படி இருக்கு, அண்ணி?"

"நேரா இருக்கு." நாத்தனார் மூக்கை உறிஞ்சினாள். "இங்க ஒண்ணுமே ஆடல. எங்க, இன்னொரு தடவை உதைக்கச் சொல்லுடி."

சொன்னதைக் கேட்டதுபோல் பிள்ளை உதைத்தது. அவள் கணவனின் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரில் வாசலைக் கடக்கும்போது கதவு கடகடவென்று ஆட, கணவன் நிலையைப் பிடித்துக்கொண்டான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. போன் இன்னும் காதில்தான் இருந்தது.

"இது உங்களுது, அண்ணி," என்றாள். ஆட்டம் நின்றது. உள்ளேயிருந்து ஓர் உதை விழுந்தது. "இது எங்களுது."